ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாராம்!



பழைய மாணவர் குழுவிலும் நம் குடும்பக் குழுவிலும் இரண்டு நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. ஓடும் மின்னூட்டத்தின் மின்புலம், அது முன்பு இருந்த இடத்தைக் காட்டாமல் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறதாம். ஆகவே மின்விசை ஒளியைவிட வேகமாம், ஐன்ஸ்டைன் காலியாம். கட்டைவிரல் போட்டவர்களில் என்னிடம் படித்த இன்ஜினியர்கள் இருவர். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடியோவின் முதல் பாதி சரி. அதுதான் ஆபத்து. சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும் மின்னூட்டத்தின் புலக்கோடுகள் அதன் இப்போதைய இடத்தையே மையமாகக் கொண்டிருக்கும். உண்மை. அடுத்து 'ஆகவே' என்று ஒரு தாவு தாவுகிறாரே, அங்கேதான் கோளாறு.

செல்போன் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையில் பஸ் கிளம்பிய நேரம் தெரியும், வேகமும் தெரியும். திருச்சியில் காத்து நிற்பவர், "இந்நேரம் மேலூர் தாண்டியிருக்கும்" என்பார். சரியாகவே இருக்கும். அவருக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. வழியில் டயர் பஞ்சர் ஆனால்? சேதி வந்து சேரும்வரை, "துவரங்குறிச்சி வந்திருக்கும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

மின்புலமும் அப்படியே. ஒளிவேகத்தில் 60 சதவீதத்தில் ஓடும் எலக்ட்ரானைச் சட்டென்று நிறுத்துகிறோம். 1 வினாடி கழித்து, நின்ற இடத்தைச் சுற்றி 3 லட்சம் கிலோமீட்டருக்குள்தான் சேதி போயிருக்கும். அதற்கு வெளியே கோடுகள் இன்னமும் 1.8 லட்சம் கிலோமீட்டர் முன்னே, எலக்ட்ரானே இல்லாத ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேரும் எல்லையில் கோடுகள் மடங்கும். அந்த மடிப்பு ஒளிவேகத்தில் விரிந்து போகிறதே, அதுதான் கதிர்வீச்சு. எக்ஸ்ரே குழாயில் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதி வேகம் இழக்கும்போது வருவதில் பெரும்பகுதி இதுதான். முட்டிவலிக்காரர்கள் எல்லோர் வீட்டு பீரோவிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது!

வீடியோக்காரர் விழுங்கிவிட்டது இன்னொன்று. அந்தப் புலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அல்ல. நிற்கும் மின்னூட்டத்தோடு ஒப்பிட்டால், அதே 60 சதவீத வேகத்தில், அதே தூரத்தில், பக்கவாட்டில் 1.25 மடங்கு, நேர் முன்னும் பின்னும் 64 சதவீதம்தான். கோடுகளின் மொத்தம் மாறாது, காஸ் விதி அசையாது.

இதைக் கணக்கிட்டவர் ஆலிவர் ஹெவிசைடு, 1888-89 வாக்கில். ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரைக்கு வெகுமுன்பே. எதிலிருந்து? மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து. அவற்றுக்குள் ஒளிவேகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒளிவேகத்தை வைத்துப் போட்ட கணக்கின் விடையைக் காட்டி ஒளிவேக வரம்பே இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

"டீச்சர் டிரெயினிங் படித்தவருக்கு இதில் என்ன வேலை" என்று ஒரு தம்பி பதிவிட்டிருந்தார். ஹெவிசைடு 16 வயதில் படிப்பை நிறுத்தியவர் தம்பி. பல்கலைக்கழகப் பக்கமே போகவில்லை.

வீடியோ அனுப்பிய மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. எலக்ட்ரான் நிற்காமல், சட்டென்று இடதுபக்கம் திரும்பினால் கோடுகள் எங்கே மடங்கும்? படம் வரைந்து குழுவில் போடுங்கள்.