நட்சத்திர தோஷம்

நம் நடுத்தரக் குடும்பங்களில் இன்று நடக்கிற பேச்சைக் கேட்டால், எல்லோருமே பாதி வைத்தியர்களாகிவிட்டோம் என்று தோன்றும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை ஒதுக்கிவிட்டுத் தம் டிரைகிளிசரைடு அளவைச் சொல்கிறார். கோயில் பிராகாரத்தில் இரண்டு மாமிகள் ‘மூன்று மாதச் சர்க்கரை’யை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உடம்புக்குள்ளே ‘அழற்சி’ இருக்கிறதாம் என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், எதிரில் இருப்பவர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டுக் கொள்கிறார். இத்தனை எண்கள் நம் வாயில் புரள்கின்றனவே, அவற்றில் ஒன்றுக்காவது நமக்கு அர்த்தம் தெரியுமா? தெரியாது என்பது என் கட்சி. தெரியாமலே இருப்பதால் ஒரு வியாபாரம் செழிக்கிறது என்பதும் என் கட்சி.

நான் கதை எழுதுகிறவன்; வைத்தியன் அல்லன். உனக்கு ஏன் இந்த வம்பு என்று யாராவது கேட்கலாம். ரத்தம் கொடுக்கிறவனும் பணம் கொடுக்கிறவனும் நான்தானே? கேள்வி கேட்கும் பாத்தியதை அதிலேயே வந்துவிடுகிறது.

வியாபாரம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். “முழு உடல் பரிசோதனை: அறுபது பரிசோதனைகள், எண்பது பரிசோதனைகள், தம்பதிகளுக்குச் சலுகை விலை” என்று விளம்பரம் வருகிறது. தீபாவளிக்குத் துணிக்கடைக்காரன் தள்ளுபடி கொடுப்பது போல ரத்தத்துக்கும் தள்ளுபடி. காலையில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் போகிறான். மாலையில் கைப்பேசிக்குப் பத்துப் பன்னிரண்டு பக்க அறிக்கை வந்து சேர்கிறது. அளவு மீறிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அல்லது தடித்த எழுத்து. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச மனிதன் கிடையாது. ஜாதகம் பார்க்கப் போனால்கூட ஜோசியர் எதிரில் உட்கார்ந்து, “கவலைப்படாதீர்கள், ஆவணிக்கு மேல் சரியாகிவிடும்” என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புகிறார். இங்கே தோஷம் மட்டும் உண்டு; பரிகாரம் சொல்ல ஆள் இல்லை.

இந்த நட்சத்திரம் எப்படி முளைக்கிறது? பெரும்பாலான பரிசோதனைகளில் ‘சரியான அளவு’ என்பதை இப்படி நிர்ணயிக்கிறார்கள்: ஆரோக்கியமான மனிதர்கள் பலரின் ரத்தத்தை அளந்து, நடுவில் இருக்கிற 95 சதவிகிதம் பேரின் எண்களைச் சரி என்று வைத்துக் கொண்டு, இரு கோடியிலும் இருக்கிற 5 சதவிகிதத்தை வெளியே தள்ளிவிடுகிறார்கள். வெளியே தள்ளப்பட்டவர்களும் ஆரோக்கியமானவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால், ஒரு நோயும் இல்லாத மனிதனுக்கு ஒரு சோதனை செய்தால் நட்சத்திரம் விழ நூற்றுக்கு 5 சந்தர்ப்பம். இருபது சோதனை செய்தால் ஏதாவது ஒன்றில் விழுவதற்கு நூற்றுக்கு 64. அறுபது செய்தால் 95! சோதனைகள் சில ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகையால் கணக்கு முன்பின்னாக இருக்கலாம். ஆனால் திசை மாறாது. நிறையச் சோதனை செய்து கொள்கிறவனுக்கு நட்சத்திரம் கிடைத்தே தீரும். அது கிடைத்ததும் மேல் சோதனை, அதற்கு மேல் ஒரு ஸ்கேன். சலுகை விலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அந்த அறுபதும் உண்மையில் அறுபதா என்றால், அதுவும் இல்லை. மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு ஆகிய மூன்றையும் அளந்த பிறகு, கெட்ட கொழுப்பைப் பல இடங்களில் கூட்டிக் கழித்தே கண்டுபிடிக்கிறார்கள். 1972இல் வந்த ஒரு சூத்திரம் அதற்கு இருக்கிறது. பிறகு ஒன்றை இன்னொன்றால் வகுத்து விகிதங்கள் போடுகிறார்கள். பள்ளிக்கூடப் பையன் செய்கிற வகுத்தல் கணக்குக்குப் ‘பரிசோதனை’ என்று பெயர் வைத்து எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள்.

இனி, எல்லோரையும் பயமுறுத்துகிற அழற்சிக்கு வருவோம். காயம் பட்டாலோ கிருமி புகுந்தாலோ உடம்பு திருப்பித் தாக்குகிறது. அந்தச் சண்டைக்குத்தான் அழற்சி என்று பெயர். சண்டை முடிந்தால் நல்லது. முடியாமல் உள்ளுக்குள்ளே வருஷக் கணக்கில் கனன்று கொண்டிருந்தால் ரத்தக் குழாய்களுக்குக் கேடு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் பிரசித்தம்.

ஒன்று ஈ.எஸ்.ஆர். செங்குத்தான மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த வெஸ்டர்கிரென் 1921இல் வகுத்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அழற்சி இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் பெருகி, சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல் ஒட்டிக் கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் வயதானாலும் இது ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், ரத்த சோகையிலும் ஏறும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை. நம் வீட்டுப் பெண்களுக்கு விழுகிற ஈ.எஸ்.ஆர். நட்சத்திரங்களில் எத்தனை வெறும் இரும்புச் சத்துக் குறைவு என்று யோசித்துப் பாருங்கள். அதே குறைவு ‘மூன்று மாதச் சர்க்கரை’யையும் பொய்யாக ஏற்றிக் காட்டும். அந்தச் சோதனை சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. சோகையில் அணுக்களின் கணக்கே மாறிவிடுகிறது. இதை எந்த அறிக்கை நம்மிடம் எடுத்துச் சொல்கிறது?

இரண்டாவது, சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தின் ஆஸ்பத்திரியில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டெடுத்த பொருள் இது. கல்லீரல் இதை உண்டாக்குகிறது. உடம்பில் எங்கே சண்டை நடந்தாலும் சில மணி நேரத்தில் ஏறும். சண்டை நின்றால் சில நாளில் இறங்கிவிடும். புகை தெரிகிறது என்று மட்டும் சொல்லும்; எரிவது அடுப்பா, கூரையா என்று சொல்லாது. நுட்பமாக அளக்கும் சோதனையில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இருதய நோய்க்கு அபாயம் குறைவு, 3க்கு மேல் இருந்தால் அதிகம் என்று 2003இல் அமெரிக்க இருதயச் சங்கத்தார் ஒரு வரம்பு வகுத்தார்கள். அதோடு வேறு மூன்று விஷயங்களையும் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். 10க்கு மேல் போனால் வேறு தொற்று உண்டா என்று தேட வேண்டும். ஊரில் உள்ள எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். விளம்பரக்காரர்கள் வரம்பை எடுத்துக் கொண்டார்கள். மற்ற மூன்றையும் விட்டுவிட்டார்கள்.

இதனால் விளைவது என்ன? எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பிள்ளை பெங்களூரில் இருந்து அன்போடு பணம் கட்டி ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தான். சி.ஆர்.பி. 14, பக்கத்தில் நட்சத்திரம். கைப்பேசியில் தேடினார், புற்றுநோய் என்று கண்டது. இரண்டு வாரம் தூக்கம் இல்லை. ஸ்கேன் ஒன்று, நிபுணர் இருவர். ஒரு மாதப் பென்ஷன் கரைந்தது. கடைசியில் தெருக்கோடியில் இருக்கிற வயதான டாக்டரிடம் போனார். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. “ரத்தம் கொடுத்தீர்களே சார், அந்த வாரம் உடம்பு எப்படி இருந்தது?” என்று கேட்டார். ஈறு வீங்கி, பல்வலி. பல்லைப் பிடுங்கி மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது சி.ஆர்.பி. 2.

கதை இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். டாக்டர் பிறகுதான் அறிக்கையைக் கையில் வாங்கினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. அந்த ஆய்வுக்கூடம் 110 வரை சரி என்று வைத்திருந்தபடியால் அதற்கு நட்சத்திரம் இல்லை. டிரைகிளிசரைடு 148, நல்ல கொழுப்பு 41. இரண்டும் மயிரிழையில் தப்பியவை. டாக்டர் ஓர் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினார்: 98 சென்டிமீட்டர். ரத்த அழுத்தம் 138க்கு 88. “சார், பயப்பட வேண்டியதற்கு நீங்கள் பயப்படவில்லையே!” என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கு உண்டு. இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், டிரைகிளிசரைடு 150, நல்ல கொழுப்பு ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே, ரத்த அழுத்தம் 130க்கு 85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100. இந்த ஐந்தில் மூன்று எல்லையைத் தொட்டுவிட்டால், உடம்பு உணவைக் கையாளும் வகையே பிசகியிருக்கிறது என்று 2009இல் உலக நிபுணர் குழுக்கள் பல சேர்ந்து ஒப்புக் கொண்டன. தலைமையாசிரியருக்கு இடுப்பு, அழுத்தம், சர்க்கரை என்று மூன்று. ஒன்றுக்கும் நட்சத்திரம் கிடையாது. முதல் இரண்டுக்கு ரத்தமே வேண்டாம். ஆகவே எந்தத் தள்ளுபடிப் பட்டியலிலும் அவற்றுக்கு மதிப்பு இல்லை!

தொப்பைக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கிளம்புகிற ரசாயனத் தூதர்கள்தாம் கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி.யை ஏற்றுகின்றன. தொப்பைக்காரருக்கு சி.ஆர்.பி. 4 என்று காகிதம் சொல்வதை, அவர் வேஷ்டி கட்டும்போதே தெரிந்து கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு கூட்டம், “சி.ஆர்.பி.யைக் குறைக்கும்” என்று மஞ்சள் மாத்திரையும் மூலிகைச் சாறும் விற்கக் கிளம்பியிருக்கிறது. சி.ஆர்.பி. அடையாளமே தவிர, இருதய நோய்க்குக் காரணம் அதுவே அல்ல என்று பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அழற்சியையே தடுக்கிற ஊசி மருந்தைப் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்து, 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பு முதலியவை சற்றுக் குறைந்தன. ஆனால் தொற்று நோயில் இறந்தவர்கள் அதிகமானார்கள். மொத்தச் சாவு குறையவில்லை. உடம்பின் காவல்காரனை முழுக்கத் தூங்க வைத்தால் திருடனுக்குத்தானே கொண்டாட்டம்?

எதிர்க்கட்சிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: “என் மைத்துனனுக்குச் சர்க்கரை இருப்பதே இந்த மாதிரிப் பரிசோதனையில்தான் தெரிந்தது.” இருக்கலாம். தெரிந்தது எந்தச் சோதனையில்? சர்க்கரைச் சோதனை ஒன்றில். மற்ற 59க்கும் ஏன் பணம் கட்டினான்? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்த நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்றும், 13 கோடிக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் என்றும் மதிப்பிட்டது. ஆகவே சோதனையே வேண்டாம் என்று சொல்கிறவன் என் கட்சிக்காரன் அல்லன். சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும் பார்க்கத்தான் வேண்டும். 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று தமிழக அரசு தொடங்கி, வாசற்படிக்கு ஆள் அனுப்பி அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தபோது, நம் வகுப்பார் எத்தனை பேர் கதவைத் திறந்தோம்? இனாமாக வந்ததில் நமக்கு மதிப்பில்லை. காசு கொடுத்தால்தான் ரத்தமும் உண்மை பேசும் என்று நினைக்கிறோம்.

வாசற்படியில் நிற்கிறவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் தூரதேசத்து அத்தாட்சி வேண்டாம். சென்னையில் அப்படிப்பட்ட 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006இல் முடிவு சொன்னார்கள். நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2. கால் செய்ததை விட மாத்திரை அதிகமாக ஒன்றும் சாதித்துவிடவில்லை.

ஆகையால் அன்பர்களே, அடுத்த தடவை யாராவது உங்கள் கையைப் பிடித்து ஊசி ஏற்ற வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சந்தேகத்துக்காக இந்தச் சோதனை? எண் கூடினால் என்ன செய்வீர்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள்? இதை எனக்கு விளக்கிச் சொல்லப் போகிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வராவிட்டால், கையை இழுத்துக் கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் உங்களை அறிந்த ஒரு டாக்டரிடம் போய் எதிரில் உட்காருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பை அளக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் கேட்கிற ரத்தத்தைக் கொடுங்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து பரிசாக அனுப்புகிற பரிசோதனைக்குப் பதில், ஒரு நாள் வந்து அப்பாவோடு அந்த டாக்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கட்டும். நம் ரத்தத்தைப் பற்றி நம்மிடம் பேச ஒரு மனிதர் வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.