புதுப் பூட்டைக் கழற்றிப் பழசை மாட்டுவதா?

எங்கள் பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரும் உண்டு. கரண்ட் பில், பான் கார்டு, பென்சன் விவரம், எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அங்கேதான் போகிறார்கள்.

போன வாரம் போனேன். "புது பிரவுசர் வந்ததில் இருந்து பிரிண்ட் ஒழுங்கா விழலை தம்பி. தூக்கி எறிஞ்சிட்டுப் பழசையே போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

எனக்குப் பகீர் என்றது!

தினமும் போலீஸ் நிலைய வாசலில் நிற்கிறவன் நான். பூட்டை உடைத்த கதைகள்தான் என் பிழைப்பு. அண்ணே, பழைய பூட்டில் கோளாறு இருப்பதால்தானே புதுப் பூட்டே வருகிறது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்டேட் வெளியானதும் பலே ஆசாமிகள் பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், எங்கே ஓட்டை இருந்தது என்றும் தெரிந்துபோகும். அதற்கப்புறம் பழசுக்குத் திரும்புவது, திருடனுக்குத் தெரிந்த வாசலைத் திறந்து வைப்பது மாதிரி.

நடந்த கதை ஒன்று. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-ல். 2006-ல் 7 வந்தது. பிடிக்காதவர்கள் அதை நீக்கினார்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டரில் நீக்கிய உடனே பழைய 6 வந்து உட்கார்ந்துகொண்டது. பல ஆபீஸ்கள் 6-ஐ விடவே இல்லை.

2010 ஜனவரியில் கூகுள் கம்பெனிக்குள்ளேயே ஆசாமிகள் புகுந்தது அம்பலம் ஆனது. நுழைந்த வழி எக்ஸ்புளோரர் ஓட்டை. குறி வைக்கப்பட்டது அந்தப் பழைய 6! ஜெர்மனியும் பிரான்சும் 'வேறு பிரவுசருக்கு மாறுங்கள்' என்று எச்சரித்தன. மைக்ரோசாப்ட் அவசரமாக ஓட்டையை அடைத்தது. 2022 ஜூனில் எக்ஸ்புளோரருக்கே மூடுவிழா நடந்துவிட்டது.

கம்பெனிக்காரர்கள் மீதும் தப்பு இருக்கிறது. பாதுகாப்போடு சேர்த்து பட்டனை இடம் மாற்றி, ஜோடனை பண்ணி அனுப்பினால் ஜனங்களுக்கு எரிச்சல் வராதா? பயர்பாக்சில் 'இ.எஸ்.ஆர்.' என்று ஒரு வகை உண்டு. ஜோடனை மாறாமல், சுமார் ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். எல்லோரும் இப்படிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைக்காரர்களே! பிரிண்ட் விழவில்லையா? வேறு பிரவுசர் போடுங்கள். பழசுக்குப் போகாதீர்கள். நீக்கினாலும், 'தகவலையும் அழி' என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகள் உள்ளேயே கிடக்கும். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

கடை உங்களுடையது. பூட்டும் உங்களுடையது. ஆனால் உள்ளே இருப்பது ஊர்க்காரன் பணமாச்சே அண்ணே!