இலவச டயாலிசிஸுக்கும் செலவு உண்டு

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம்தானே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. ஆனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். அன்றைக்குக் கூலி இல்லை. துணைக்கு வரும் மனைவிக்கும் இல்லை. பஸ் செலவு, சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து எல்லாம் தனி. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவர்களுக்கு இது ஆயுள் முழுக்க. நகை அடகுக்குப் போவதும் மகள் கல்லூரியை விட்டு நிற்பதும் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிறுநீரகம் பெரும்பாலும் கெட்ட பிறகே கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவதை ஒரு சிறு பட்டையில் பார்த்துவிடலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு மீதியைச் சொல்லும். தொடக்கத்தில் தெரிந்தால் மாத்திரையாலும் உப்பைக் குறைப்பதாலும் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், பலரால் தவிர்க்கவே முடியும். 2021இல் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. 2023இல் சிறுநீரகம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே இந்தப் பரிசோதனை வந்துவிட்டது. சோதித்ததோடு நிறுத்தாமல், கசிவு கண்டவரை மறுபடி அழைத்துப் பார்ப்பது அரசின் பொறுப்பு.

மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது. தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கொளுத்தும் வெயில், போதாத குடிநீர். பெண்களோ, ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நிழலும் கழிப்பறையும் கட்டித் தராத முதலாளி, நோய்க்குத் தானும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கை கால் வலிக்கென்று சீட்டே இல்லாமல் வாரக்கணக்கில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை விற்கும் மெடிக்கல்காரரும் யோசிக்கட்டும். விற்பனைக்கு முன், ‘சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா?’ என்று கேட்க அரை நிமிடம் போதும்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை இந்தச் சிறுநீர், ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அடுத்த மாத்திரைக்குச் சுகாதார நிலையம் போகும்போது, ‘யூரினும் பாருங்க’ என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளாத அம்மாவையும் கூட்டிப் போங்கள்.