இரண்டு மில்லிமீட்டர் கணக்கு

தில்லி கரோல் பாக்கிலும் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கும் வேகப் பிரியர்கள் முதலில் விசாரிப்பது காம்ஷாஃப்ட்டைத்தான். வால்வு ஸ்பிரிங் அவர்களுக்குக் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. பலருக்கு எஞ்சின் உடைந்த பிறகு.

காம்ஷாஃப்ட் மீது அவர்களுக்கு இருக்கும் மோகத்துக்குக் காரணம் உண்டு. வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை நிர்ணயிப்பது அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள். புடைப்பு உயர்ந்தால் வால்வு கூடுதலாகத் திறக்கும்; எஞ்சின் தாராளமாக மூச்சு விடும்; குதிரைசக்தி கூடும். 8 மி.மீ. திறந்த வால்வு 10 மி.மீ. திறந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். இரண்டு மில்லிமீட்டர்தானே!

ஆனால் காம்ஷாஃப்ட்டுக்குத் தள்ள மட்டுமே தெரியும். வால்வைத் திரும்ப இழுத்து மூடுவது முழுக்க முழுக்க ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது காம்ஷாஃப்ட் அதில் பாதி, 3,000 முறை சுழல்கிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் விரைந்து ஏறும் வால்வை உச்சியில் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சுமை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது: 6,000த்திலிருந்து 7,000க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் அதிகம், சுமையோ சுமார் 36 சதவீதம் அதிகம். அதே நேரத்துக்குள் அதிக உயரம் ஏறி இறங்க வேண்டுமென்றால் இன்னும் மோசம்.

ஸ்பிரிங்கால் சமாளிக்க முடியாதபோது வால்வு புடைப்பை விட்டு விலகிப் பறக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'வால்வு ஃப்ளோட்' என்கிறார்கள். மூட வேண்டிய நேரத்தில் மூடாமல், பிறகு சீட்டில் போய் மோதித் துள்ளுகிறது. முதலில் சக்தி குறையும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறைவான எஞ்சினாக இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அப்புறம் வால்வு, பிஸ்டன், ஹெட் என்று பில் நீளும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே? நம்மூர்ப் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் புடைப்பின் முனையை அழுத்துகிறது. ஆயில் படலம் தாங்காது. புடைப்பு தேயும், டேப்பெட் குழிவிழும், புஷ்ராடு உள்ள எஞ்சினில் ராடு வளையும். சக்தி கூட்டுவதற்காகப் போட்ட காம்ஷாஃப்ட்டை அதைக் காப்பாற்றப் போட்ட ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

இதற்கு வழி, அளந்து பார்ப்பது. ஓர் உதாரணக் கணக்கு. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 38 மி.மீ. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இனி அழுத்தவே முடியாது என்ற நிலையில் 28.5 மி.மீ. பழைய காம்ஷாஃப்ட் 8 மி.மீ. தூக்கினால் ஸ்பிரிங் 30 மி.மீ.க்கு அமுங்கும், 1.5 மி.மீ. மிச்சம். புதியது 10 மி.மீ. தூக்கினால் 28 மி.மீ.க்கு அமுங்க வேண்டும். அது நடக்காது. காம்ஷாஃப்ட்டும் விட்டுக்கொடுக்காது. இடையில் இருக்கும் ஏதோ ஒன்று உடையும். ஆக, இங்கே தேவை ஒட்டிய நிலையில் 26.5 மி.மீ.க்கு மேல் போகாத ஸ்பிரிங். அப்போதுதான் பழைய 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்சும்.

அடுத்தது விசை. மூடியிருக்கும்போது 25 கிலோ, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 8 மி.மீ. திறப்பில் 49 கிலோ, 10 மி.மீ. திறப்பில் 55 கிலோ. காம்ஷாஃப்ட் தயாரித்தவர் இந்த இரண்டு எண்களையும், அதாவது மூடிய நிலையிலும் முழுத் திறப்பிலும் எவ்வளவு விசை வேண்டும் என்பதை, குறிப்பிட்டிருந்தால் அதுதான் வேதவாக்கு. ராக்கர் உள்ள எஞ்சினில் இன்னொரு பொறி உண்டு. புடைப்பின் உயரம் 6.5 மி.மீ., ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வு 9.75 மி.மீ. ஏறும், டேப்பெட் இடைவெளிக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் அச்சடித்திருப்பது புடைப்பின் உயரமா, வால்வின் உயரமா என்று கேட்காதவர்கள் ஏமாறுகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கைக் குழப்பும் விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே ஹெட்டை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. சீட்டை மறுபடி மறுபடி கடைந்து ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் புதைகிறது, அதன் தண்டு மறுபக்கம் அவ்வளவு உயர்கிறது. 38 மி.மீ. இருந்த இடம் 39 ஆகிவிட்டால், மேலே சொன்ன ஸ்பிரிங் 25 கிலோவுக்குப் பதில் 22 கிலோதான் தரும். ஸ்பிரிங்கின் அடியில் 1 மி.மீ. ஷிம் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அளக்காமல் 'இருக்கட்டும்' என்று இரண்டாவது ஷிம்மையும் வைத்தால், சுருள்கள் ஒட்டுவதற்கு முன் இருக்கும் இடைவெளியில் அதே அளவு பறிபோகும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பது மாதிரி.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் தட்டு இறங்கி வரும்போது வால்வு கைடின் ஆயில் சீலில் இடிக்கிறதா? பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மூடி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் வால்வுக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்லெட்டுக்குச் சுமார் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்குச் சுமார் 2.5 மி.மீ. இருப்பது நல்லது.

ஸ்பிரிங்குக்கும் எல்லை உண்டு என்பதைப் பந்தய உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. 1954இல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காரில் வால்வைத் திறக்க ஒரு புடைப்பு, மூட இன்னொரு புடைப்பு என்று வைத்தது. டுகாட்டி அதே வழியை 1956இல் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. ஃபார்முலா 1இல் ரெனோ 1986இல் காற்றழுத்தத்தால் வால்வை மூடிக் காட்டியது. இந்த வசதிகள் இல்லாத சாதாரண எஞ்சினுக்குக் கம்பிச் சுருள்தான் கதி.

மாருதி ஜிப்சி போன்ற வண்டிகளை ராலிக்குத் தயார்செய்பவர்களுக்கு இது வெறும் பட்டறைப் பேச்சல்ல. மலை இறக்கத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு என்று நினைத்து முதல் கியருக்குப் போட்டால், எஞ்சினைச் சக்கரங்கள் இழுத்துச் சுற்றும். எரிபொருளை நிறுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியால் அதைத் தடுக்க முடியாது. அந்த ஒரு விநாடியில் மலைச்சரிவில் எஞ்சினைக் காப்பது ஸ்பிரிங்கில் மிச்சம் வைத்த பலம் மட்டுமே.

எனவே, காம்ஷாஃப்ட் மாற்றிக்கொள்பவர்கள் பட்டறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் நான்கு எண்கள் போதும்: பொருத்திய உயரம், மூடிய நிலையின் விசை, முழுத் திறப்பின் விசை, சுருள்கள் ஒட்டுமுன் மிஞ்சும் இடைவெளி. ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக. 'எல்லாம் சரியா இருக்கு சார்' என்ற பதிலோடு சாவியை நீட்டும் மெக்கானிக்கிடம், ஒரு வெர்னியரை நீட்டுவது உத்தமம்.