திரையில் கற்றது படுக்கையருகே வந்து சேர வேண்டும்

கீமோதெரபி முடித்து வீடு திரும்பிய நோயாளிக்குப் பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மிகுந்த கவனத்துக்குரியது. கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் அந்நாள்களில்தான் மிகவும் குறைந்திருக்கும். அப்போது உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், அதைச் சாதாரணக் காய்ச்சலாகக் கருதக் கூடாது. அது ஓர் அவசரநிலை. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்த மாதிரி எடுத்து, இரத்த நாளத்தின் வழியே ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே புற்றுநோய் மருத்துவம் வகுத்துள்ள நெறி.

ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் எங்கள் வார்டில் வருவதில்லை. இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டில், நள்ளிரவில் வருகிறது. குடும்பத்தார் முதலில் ஓடுவது அருகிலிருக்கும் தாலுகா மருத்துவமனைக்கோ, கடைத்தெருவிலுள்ள சிறு மருத்துவமனைக்கோதான். அங்கே இரவுப் பணியில் இருக்கும் செவிலியரும் இளம் மருத்துவரும் புற்றுநோயாளிகளை அதிகம் கையாண்டிராதவர்களாக இருக்கலாம். காய்ச்சலின் பொருளை அவர்கள் அறிந்திருந்தால் சிகிச்சை உடனே தொடங்கும். ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, ‘காலையில் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டால், இழந்த மணி நேரங்களை எந்தப் பெரிய மருத்துவமனையாலும் மீட்டுத் தர இயலாது.

ஆகவே, புற்றுநோய்ச் சிகிச்சையை நேரடியாக அளிக்காத ஒருவர் எதை அறிந்திருக்கிறார் என்பதிலும் நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது. இத்தகையோருக்கு இணையவழியில் அளிக்கப்படும் பயிற்சியை மருத்துவமனைகளின் உள்விவகாரமாகக் கருதும் வழக்கம் இருக்கிறது. அது நோயாளியின் சிகிச்சையிலேயே ஒரு பகுதி என்பது என் கருத்து. அப்படியானால், அது எவ்வாறு நடக்கிறது என்று கேட்கும் உரிமை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் கணிப்புப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்நோயில் தேர்ச்சி பெற்ற வல்லுநர்களோ பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்குடன் 2012ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய் மையங்களின் கட்டமைப்பு உருவாக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட மையங்கள் இன்று அதில் இணைந்துள்ளன. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025–26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆயினும், சாய்வு நாற்காலியையும் மருந்து செலுத்தும் பம்பையும் ஒரு நிதியாண்டுக்குள் வாங்கிவிடலாம். மருந்து நாளத்தைவிட்டுக் கசிகிறது என்பதை முதற்கணத்திலேயே உணரும் செவிலியரை அவ்வாறு வாங்கிவிட முடியாது. அவரைப் பயிற்றுவித்துத்தான் உருவாக்க வேண்டும். மாவட்டந்தோறும் பணிபுரிவோரை மாதக்கணக்கில் நகரத்துக்கு அழைத்து வந்து பயிற்றுவிப்பதும் நடவாத செயல். இணையம் பயனுள்ளதாவது இவ்விடத்தில்தான்.

அது எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்னும் கல்லீரல் மருத்துவர், 2003ஆம் ஆண்டில் ‘எக்கோ’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைடிஸ்-சி நோய்க்காக அவரைக் காண வேண்டுமென்றால் நோயாளிகள் எட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா நோயாளிகளையும் தாமே பார்ப்பது இயலாதென்று உணர்ந்த அவர், ஊர்ப்புறங்களிலும் சிறைச்சாலைகளிலும் பணியாற்றிய மருத்துவர்களைக் காணொலி வழியே வாரந்தோறும் சந்தித்தார். அவர்கள் தத்தம் நோயாளிகளின் நிலையை எடுத்துரைப்பார்கள். வல்லுநர்களும் சக மருத்துவர்களும் கூடி விவாதித்து வழி காண்பார்கள். இதன் விளைவு 2011ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. 407 நோயாளிகள் இடம்பெற்ற அந்த ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 விழுக்காட்டினருக்கும், ஊர்ப்புற மையங்களிலும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 விழுக்காட்டினருக்கும் நோய் நீங்கியிருந்தது. அருகிலிருந்த மருத்துவர் தொலைவிலிருந்த வல்லுநருக்கு இணையாகச் சிகிச்சை அளித்துவிட்டார் என்பதே இதன் பொருள்.

இம்முறை பின்னர் புற்றுநோய்த் துறைக்கும் வந்தது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கான பயிற்சியை நொய்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி நிறுவனம் இவ்வழியில் அளித்து வருகிறது. வலி நிவாரணத்துக்கும் ஆதரவுச் சிகிச்சைக்குமான பயிற்சியைத் திருவனந்தபுரத்தின் ‘பாலியம் இந்தியா’ அமைப்பு அளிக்கிறது.

ஆனால் ‘இணையவழிப் பயிற்சி’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு தரத்தவை அடங்கியிருக்கின்றன. முன்பே பதிவு செய்த ஓர் உரையை ஓடவிட்டு, இறுதியில் பத்துக் கேள்விகளுக்கு விடை குறித்துச் சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்வதும் இதே பெயரில்தான் வழங்குகிறது. மருத்துவப் பணியாளர்களுக்கான மின்வழிக் கற்றலைப் பற்றி 2018ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 16 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தது. வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிடுகையில், நோயாளிகள் அடையும் பயனிலோ பணியாளர்களின் திறனிலோ பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. நான் இதிலிருந்து கொள்ளும் பாடம் எளியது. கணினித் திரைக்கென்று தனிச் சிறப்பு ஏதும் இல்லை. வகுப்பறை எட்டாத ஊர்களை எட்டுவதே அதன் பலம். எட்டிய பிறகு என்ன கற்பிக்கப்படுகிறது, கற்றவரோடு யார் தொடர்பில் இருக்கிறார் என்பவையே பயனைத் தீர்மானிக்கின்றன.

திரை வழியாகச் செம்மையாகக் கற்பிக்கக்கூடியவை பல உண்டு. மார்பின் என்னும் வலி நிவாரணி அதற்கு நல்ல சான்று. உடனடியாகச் செயல்படும் மார்பின் மாத்திரையை வலி வரும்வரை காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மலச்சிக்கல் வருவதற்கு முன்பே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். நோயாளிக்கேற்ப அளவைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். மருத்துவ மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்வதும் போதைப்பழக்கமும் ஒன்றல்ல. இவற்றைக் கற்க மேலான கருவி எதுவும் வேண்டுவதில்லை. இருந்தும், இந்தியாவுக்குத் தேவையான மார்பினில் ஏறத்தாழ 4 விழுக்காடே மக்களுக்குக் கிடைக்கிறது என்று லான்செட் ஆணையம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கணித்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்திருந்த கடும் உரிம நடைமுறைகள் இதற்கு ஒரு காரணம். 2014ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை எளிமையாக்கியது. சட்டம் தளர்ந்த பின்னும் வலியோடு வாழ்வோர் இருக்கிறார்கள் என்றால், மருந்தை எழுதத் தயங்கும் கையையும், அதைக் கண்டு அஞ்சும் மனத்தையும்தான் நாம் மாற்ற வேண்டியிருக்கிறது. அது பயிற்சியின் வேலை.

திரை கற்பிக்க இயலாதவையும் உண்டு. மெலிந்துபோன இரத்த நாளத்தில் ஊசியைச் சரியாக நிறுத்துவது, டாக்ஸோருபிசின் போன்று தசையை அரிக்கும் மருந்து கசியும்போது உடனே நிறுத்திச் செய்ய வேண்டியவற்றைச் செய்வது, மார்பகத்தில் கட்டியை விரல் நுனியால் உணர்வது ஆகியவை கை பழகினால்தான் வரும். துயரச் செய்தியைச் சொல்லும் முறையும் அவ்வாறே. அதைப் பற்றிய உரையைக் கேட்டுவிட்டதாலேயே ஒருவர் அதில் தேர்ந்துவிட மாட்டார். மூத்தவர் ஒருவர் உடனிருக்கச் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். எனவே, நேரடிப் பயிற்சியே இல்லாமல் இணையவழியில் மட்டும் கற்றவரிடம் கீமோதெரபி ஏற்றும் பொறுப்பை ஒப்படைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். ‘கணினியில் பாடம் கேட்டவர்கள் எங்கள் மீது பழகிப் பார்க்கிறார்களா?’ நியாயமான கேள்விதான். எந்த மருத்துவரும் செவிலியரும் கல்லூரியோடு கல்வியை முடித்துக்கொள்வதில்லை. புற்றுநோய்க்கான மருந்துகள் ஆண்டுதோறும் புதிதாக வருகின்றன. பழைய மருந்துகளைப் பயன்படுத்தும் முறையும் மாறுகிறது. தொடர்ந்து கற்பவரைவிடக் கற்பதை நிறுத்திவிட்டவரைக் கண்டே நாம் அஞ்ச வேண்டும். மேலும், நல்ல பயிற்சியில் உங்கள் நோய்நிலை பல வல்லுநர்களின் முன் வைக்கப்படுகிறது. ஒரு மருத்துவரின் கருத்துக்குப் பதிலாகப் பலரின் கருத்து உங்களுக்குக் கிட்டுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெயர், முகம், பதிவெண் ஆகியவற்றை நீக்கிய பின்னரே விவரங்கள் பகிரப்பட வேண்டும். உங்களிடம் விளக்கி இசைவு பெற வேண்டும். நீங்கள் மறுத்தாலும் சிகிச்சையில் எக்குறையும் நேரக் கூடாது.

இன்னொரு தடையைப் பற்றிக் குடும்பத்தார் அறிய வாய்ப்பில்லை. இரவுப் பணி முடித்த செவிலியர் உறக்கத்தைத் துறந்து, கைப்பேசியின் சிறு திரையில் பாடத்தை ஓடவிட்டு முடிக்கும் நிலை பல இடங்களில் உள்ளது. அவ்வாறு பெறும் சான்றிதழ் சுவரை அலங்கரிக்கும், நோயாளிக்கு உதவாது. பயிற்சி நேரம் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். அவ்வேளையில் அவர் இடத்தில் வேறொருவர் இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும். அச்செலவை நிர்வாகங்கள் மருந்துச் செலவைப் போலவே தவிர்க்கவியலாததாகக் கருத வேண்டும். ‘அவர் பயிற்சி வகுப்பில் இருக்கிறார், சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லப்படும்போது, அவசரமில்லாத வேளையாயின் நீங்களும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மொழியும் ஒரு பெருந்தடை. இத்தகைய பாடங்களில் பெரும்பான்மை ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீடு தேடிச் சென்று நோயாளியைப் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 2021ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளருக்கும் பாடம் தமிழில் இருந்தால்தான் மனத்தில் தங்கும். இது மொழிப்பற்றினால் மட்டும் சொல்வதன்று. நோயாளி தம் வலியைத் தமிழில்தான் சொல்கிறார். எரிகிறது, மரத்துப்போகிறது, மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. எலும்புக்குள் குடைகிறது, அசைந்தால் உயிர் போகிறது என்றால் வேறு வகையில் ஆராய வேண்டும். இச்சொற்களுக்கும் நோய்க்குறிகளுக்குமுள்ள தொடர்பை ஆங்கிலப் பாடம் சொல்லித் தராது. அதைத் தமிழில் எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

பயிற்சி பயன் தந்ததா என்பதை அளப்பதற்கும் சான்றிதழ்களின் எண்ணிக்கை உதவாது. காய்ச்சலோடு வந்த நோயாளிக்கு எத்தனை நிமிடத்தில் ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது? மார்பின் பெறுவோரில் எத்தனை பேருக்கு மலமிளக்கியும் எழுதப்பட்டது? ஒவ்வொரு நாளும் நோயாளியிடம் வலியின் அளவு கேட்கப்பட்டதா? பயிற்சிக்கு முன்னும் பின்னும் இவற்றைக் கணக்கிட்டு, வார்டின் அறிவிப்புப் பலகையில் நோயாளிகள் காணும்படி எழுதி வைக்கலாம்.

குடும்பத்தாராகிய நீங்கள் செய்யக்கூடியவையும் சில உண்டு. வீட்டில் வெப்பமானி ஒன்று இருக்கட்டும். காய்ச்சல் போலத் தோன்றினால் மாத்திரை கொடுப்பதற்கு முன் வெப்பத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைச் சுருக்கத்தையும் மருந்துகளின் பெயர்ப் பட்டியலையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதல் வாக்கியமாக, ‘இவருக்கு இன்ன தேதியில் கீமோதெரபி தரப்பட்டது, இப்போது இவ்வளவு காய்ச்சல் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் நேர்ந்ததை அடுத்த வருகையின்போது எங்களிடம் தெரிவியுங்கள். அங்குள்ளோர்மீது குற்றம் சாட்டுவதற்காக அன்று. அடுத்த பாடம் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதை அதுவே எங்களுக்குச் சொல்லும்.

இறுதியாக, எங்களைப் போன்ற பெரிய மருத்துவமனைகளிடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கத்தில் மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன. மீண்டும் வர வேண்டிய தேதி இருக்கிறது. அதே தாளில், உங்கள் ஊருக்கு அருகே புற்றுநோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கும் மருத்துவமனையின் பெயரும், இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி உங்கள் தாளில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.