ஒரே பெயர், பல வியாதிகள்

கவரைப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் மாமனாருக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டது, நான்கு மாதத்தில் காலமானார். எதிர் வீட்டுக்காரருக்கு வாயில் வந்தது. மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் மூன்றாம் வாரமே ரயிலேறிப் பட்டணம் போனார், பிழைத்தார். நாங்கள் கவனிக்கவில்லை என்று ஊரார் பேசுகிறார்கள். அது உண்மையா?"

அம்மணி, அது உண்மையல்ல. புற்றுநோய் என்பது ஒரு வியாதியல்ல. பல வியாதிகளுக்கு இட்ட பொதுப் பெயர்.

வாய்ப்புண் கண்ணாடியில் தெரியும். கர்ப்பப்பை வாயில் உண்டாகும் நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் எளிய பரிசோதனையில் அகப்பட்டுவிடும். கணையமோ இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மஞ்சட்காமாலை தோன்றும்போது, கட்டி அநேகமாகப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்களைப் பற்றியிருக்கும், அல்லது ஈரலுக்குப் பரவியிருக்கும். அப்புறம் கத்தி வைத்துப் பயனில்லை.

நோயின் குணமும் ஒரு காரணம். வயலில் கோரை களைந்தவர்களுக்கு இது விளங்கும். மேலே அரிந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். அதுபோல மருந்துக்குத் தப்பிய சில உயிரணுக்கள் பெருகினால், அடுத்த தடவை அதே மருந்தை லக்ஷியம் செய்வதில்லை. மூளையில் வரும் கட்டிக்கோ, பல மருந்துகள் ரத்தத்திலிருந்து அங்கே நுழையவே முடிவதில்லை.

ஆயினும் இன்றைய கடினம் என்றைக்கும் கடினமல்ல. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் தங்கை 1923-ம் வருஷம் மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. அக்காலத்தில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெற்றோர் நம்பிக்கை இழக்க வேண்டியதுதான். இன்று அவ்வகை நோய்களில் மிகுதியாகக் காண்பதற்கு முழுச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

ஆகையால், சகோதரி, உங்கள் மாமனாரின் நோய் ஒளிந்திருந்தது. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் தட்டுப்படும் கட்டி, மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரப்போக்கு ஆகியவை ஒளிந்திருப்பவையல்ல. வெட்கத்தாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்பதாலும் அவற்றைக் கடினமாக்குகிறவர்கள் நாமே. எதிர் வீட்டு அம்மாளின் நச்சரிப்பு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.