வில்லடியில் தொடங்குவோம்

“பாட்டு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் பாட்டை யார் சொல்லிக் கொடுப்பது?”

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, நான் படித்த ஆரம்பப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களில் ஒன்று எங்கள் ஊர். ஒரே கூரையின்கீழ் மலையாள வகுப்பும் தமிழ் வகுப்பும் நடக்கும் பள்ளி அது. அவர் கேட்டது நியாயமே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்ற பேச்சு ஆறாம் வகுப்பிலிருந்துதான் வருகிறது; அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். நான்காம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளிக்கு அந்தக் கதவும் இல்லை.

“வகுப்பு டீச்சரே போதும், அம்மா” என்றேன். அவர் சிரித்தார். நண்பர்களே, நீங்களும் சிரிக்குமுன் என் கட்சியைக் கேட்டுவிடுங்கள்.

என் பாட்டா கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவர். அந்த அடி என் காதில் ஏறிக் கிடந்தது. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் என்னையறியாமல் அதைப் பெஞ்சில் தட்டிவிட்டேன். உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. அதே ஆண்டின் பள்ளி விழாவில் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டுக்கு நாங்கள் வரிசையாக நின்று வாயசைத்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். சினிமாப் பாட்டின்மேல் எனக்குப் பகையில்லை. நல்ல பாட்டும் அதில் உண்டு. ஆனால் அன்று எங்களில் ஒருவர் தொண்டையிலிருந்தும் ஓசை வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வில்லுப்பாட்டின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். புலவர் ஓரடி பாடுகிறார். பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். கதை சொல்லும்போது இடையிடையே “ஆமா” போடுகிறார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் வேறென்ன இருக்கிறது? முதல் வாரம் “ஆமா” மட்டும் சொல்லட்டும். அடுத்த வாரம் ஓரடி திருப்பிப் பாடட்டும். குரல் வராத பிள்ளைக்குத் தாளம் இருக்கிறது, கட்டை இருக்கிறது, குடம் இருக்கிறது. கதை நாகராசன் கதையாகவே இருக்க வேண்டுமென்பதும் இல்லை. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றையே வில்லில் ஏற்றினார். நம் பிள்ளைகள் நெய்யாற்றில் வெள்ளம் வந்த கதையைக் கட்டிப் பாடட்டும்.

குடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மண்குடத்தின் வாயில் ‘பத்தி’யால் அடித்துப் பாருங்கள், பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியுங்கள். ஓசை ஏறும், உள்ளேயிருக்கும் காற்று குறைந்துவிட்டது. ஆனால் ஒரு கண்ணாடித் தம்ளரின் விளிம்பைக் கரண்டியால் தட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினால் ஓசை இறங்கும். அங்கே அதிர்வது கண்ணாடி, அதன்மேல் தண்ணீரின் பாரம். ஒன்று ஏறுவதும் மற்றொன்று இறங்குவதும் ஏன் என்று பிள்ளைகளைச் சண்டை போட விடுங்கள். சுருதி என்ற சொல்லைச் சொல்லாமலே சுருதி விளங்கிவிடும். அறிவியல் பாடத்துக்கும் அரைமணி நேரம் மிச்சம்!

தாளத்துக்கும் வெளியே போக வேண்டாம். பலராமபுரத்துக் குழித்தறிகள் நம் தாலுகாவில்தானே இருக்கின்றன? மிதியும் நாடாவும் பலகையும் மாறிமாறிப் போடும் ஓசையைப் பிள்ளைகள் கேட்டுவந்து கையால் தட்டிக் காட்டட்டும்.

“சுவாதித் திருநாள் பிறந்த மண்ணில் சரளி வரிசையை விட்டுவிட்டு வில்லடியா?” என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். 1939-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைக் கழகத்துக்கு முதல் தலைவராக வந்தவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அக்கழகத்தில் பயின்று தென்னாடெங்கும் பாடியவர், நெய்யாற்றின்கரையையே பெயராகக் கொண்ட வாசுதேவன். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. சரளி வரிசை வரட்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டாம் படி. ஹங்கேரி நாட்டின் இசைமேதை சோல்டான் கோடாய், பார்ட்டோக்குடன் சேர்ந்து ஊரூராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர். தாய்மொழிப் பாட்டிலிருந்தே இசைக் கல்வி தொடங்க வேண்டுமென்று அவர் வாதாடினார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் அந்த முறையில் ஓர் ஆரம்பப் பள்ளியே எழுந்தது. அங்கே முதல் கருவி பியானோ அன்று; பிள்ளையின் குரல்தான்.

இதில் எனக்கு மற்றுமொரு கவலையும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. பாட்டுக்கு அந்தக் கோடு தெரியாது. இரவிக்குட்டிப் பிள்ளையின் போர்க்கதையை நாம் வில்லுப்பாட்டு என்கிறோம். மலையாள அறிஞர்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்ற தொகுதியில் அதை வைத்துப் போற்றுகிறார்கள். அதன் மொழியில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்கப் போனால் விடிந்துவிடும். ஆனால் பள்ளி விளையாட்டிடத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளை தன் பேச்சை மென்று விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கியவர்களில் நானும் ஒருவன். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் இரண்டு வகுப்பும் ஒரே வில்லின்முன் உட்காரட்டும். தமிழ்ப் பிள்ளை அடியெடுத்துக் கொடுக்க, மலையாளப் பிள்ளை “ஆமா” போடட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் கேட்டபின் அந்த ஆசிரியை, “எனக்குக் குரல் நன்றாயிராதே” என்றார். கொடையில் பாடிய எங்கள் ஊர்ப் புலவருக்கும் கரகரத்த தொண்டைதான் என்றேன். “சரி, ஒரு குடம் என்ன விலை?” என்று கேட்டார்.

ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். பாட்டாவின் பத்தியை எலி கடித்துவிட்டது. புதிதாக ஒன்று செய்ய வேண்டும். நம் மன்றத்தில் உடுக்கை அடிக்கத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் என்னோடு வரலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்.